டெல்டாவில் விரால் வளர்ப்பு: குட்டை வெட்டுவது முதல் உயிர்மீனாக விற்பது வரை

விரால் வேட்டையாடி உண்ணும் மீன். கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களை வளர்த்துப் பழகிய பலர் விரால் குட்டையில் கையைச் சுட்டுக்கொள்வதற்கு, பெரும்பாலும் இந்த ஒரு செய்தியை மறந்துவிடுவதே காரணமாக இருக்கிறது. கெண்டைக்குத் தண்ணீரைப் பச்சையாக வைத்துத் தவிடும் பிண்ணாக்கும் போட்டால் அது வளர்ந்துவிடும். விராலுக்கோ எதிரில் வாய்க்கு அடங்கும் அளவில் எது நீந்தினாலும் அது இரைதான், தன் கூடப்பிறந்ததாக இருந்தாலும் சரி. ஆகவே, இந்த வழிகாட்டியில் குட்டையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் தீவனத்தைப் பற்றியும் எழுதியிருந்தாலும், நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றே: ஒரு குட்டையில் இருக்கும் எல்லா விராலும் ஒரே அளவில் இருக்கும்படி பார்த்துக்கொள்பவருக்கே கடைசியில் மீன் மிஞ்சும்.

மீனை முதலில் அறிந்துகொள்ளுதல்

பழைய நூல்களில் வரால் என்றும் பேச்சில் விரால் என்றும் வழங்கும் இம்மீனின் அறிவியல் பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா. வயல் வாய்க்காலில் தட்டுப்படும் சிறிய குரவை இதன் உறவினம். அது விராலின் அளவுக்கு வளராது என்பதால், குஞ்சு வாங்கும்போது குரவைக் குஞ்சு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விராலின் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றைச் சுவாசிப்பதற்கென்றே தனி உறுப்பு இருக்கிறது. அதனால் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்துபோனாலும் அது மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கோடையில் குளம் வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். உடல் ஈரமாக இருக்கும்வரை தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் போய்விடும். இந்த ஆற்றலுக்கு மறுபக்கமும் உண்டு. மேலே வந்து காற்றெடுக்க முடியாமல் வலைக்குள்ளோ நீர்மட்டம் முழுவதும் மூடிய ஆகாயத்தாமரைக்கு அடியிலோ சிக்கிக்கொண்டால், தண்ணீருக்குள் இருந்தபடியே மூச்சுத் திணறிச் செத்துவிடும். மோட்டார் எண்ணெய் நீர்ப்பரப்பில் படலமாகப் படிந்தாலும் இதே ஆபத்துதான்.

மழைக்காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து, செடிகளுக்கு நடுவே வட்டமாக இடத்தைத் துப்புரவு செய்து அங்கே முட்டையிடும். தேன் நிறத்தில் மிதக்கும் அந்த முட்டைகள் ஒன்று, ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போகும்போது அந்த இடத்தில் தண்ணீர் கொதிப்பது போலத் தெரியும். அதற்கு அடியிலேயே தாயோ தந்தையோ காவல் இருக்கும். அந்தக் காவல் மீனைத் தூண்டிலில் பிடித்துவிட்டால் குஞ்சுக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வாய்க்கால்களில் விரால் அருகிவரும் இந்நாளில் வளர்ப்புக்காகக் குஞ்சுக் கூட்டத்தை அள்ளிக்கொண்டு வருவதும் எனக்கு உடன்பாடானதல்ல.

பருவத்தைக் கணக்கிடுதல்

டெல்டாவில் எதைத் தொடங்கினாலும் மேட்டூரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. மரபுப்படி ஜூன் 12-ல் அணை திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். அணையில் இருப்பு குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போவதும் உண்டு. விரால் விற்பனை எடைக்கு வர, 10 முதல் 15 சென்டிமீட்டர் குஞ்சாக விட்ட நாளிலிருந்து எட்டு, ஒன்பது மாதம் ஆகும். இந்த இரண்டையும் பொருத்திப் பார்த்தால் ஆவணியில் குஞ்சு விட்டு, சித்திரையிலும் வைகாசியிலும் பிடிப்பதே நமக்குச் சிறந்தது என்பது என் கருத்து.

அதற்குக் காரணம் மூன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருப்பதால் அப்போது கடல் மீன் வரத்துக் குறைந்து, நன்னீர் மீனுக்குத் தேவை கூடுகிறது. புரட்டாசி விரதம், கார்த்திகை மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போடுவோர் விரதம் என்று விற்பனை மந்தமாகும் மாதங்களில் நம் மீன் சிறியதாகவே இருக்கும் என்பதால் அதை விற்றாக வேண்டிய நெருக்கடி வராது. மூன்றாவதாக, விராலைப் பிடிக்கக் குட்டையை வற்றவைத்தே ஆக வேண்டும். வாய்க்காலும் சுற்றுவயலும் காய்ந்திருக்கும் கோடையில் தண்ணீரை இறைத்துவிடுவது எளிது.

இத்திட்டத்துக்குத் தை மாதத்துக்குப் பிறகு வாய்க்கால் தண்ணீர் இருக்காது என்பதால் ஆழ்துளைக் கிணறு கட்டாயம் வேண்டும். வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கத்துக் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கக்கூடும். விரால் சிறிதளவு உப்பைத் தாங்கும் என்றாலும், நீரைச் சோதித்துப் பார்த்த பிறகே அங்கு முதலீடு செய்ய வேண்டும்.

குட்டை

முதல்முறை வளர்ப்பவருக்கு 10 செண்ட் குட்டை போதும்; அது ஏறத்தாழ 400 சதுர மீட்டர் பரப்பு. இதைவிடப் பெரிதாக வெட்டினால் அளவு பிரிக்கும் வேலை கைமீறிப் போகும். ஐந்தரை முதல் ஆறடி ஆழம் வெட்டி, நாலரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த வேண்டும். தரை ஒரு மூலையை நோக்கிச் சரிந்து, அந்த மூலையில் ஓர் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அறுவடையின்போது அதன் அருமை தெரியும்.

மண் தண்ணீரைத் தாங்குமா என்பதை அறிய, ஈரமண்ணை உருண்டையாகப் பிடித்து மேலே எறிந்து கையில் ஏந்திப் பார்க்கலாம்; உடையாமல் இருந்தால் களிப்பு போதுமானது. வெண்ணாறு, வெட்டாறு பாசனப் பகுதிகளின் களிமண்ணில் இதைப் பற்றிய கவலை பெரும்பாலும் இல்லை. கொள்ளிடப் படுகையின் மணலிலும், கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணிலும் தண்ணீர் இறங்கிவிடும் என்பதால், அங்கு தடித்த பாலித்தீன் விரிப்பை விரித்து அதன்மேல் அரையடி மண் போட வேண்டியிருக்கும்.

வேலி

பலரும் செலவைக் குறைக்க நினைப்பது வேலியில்தான். குறைக்கவே கூடாத இடமும் அதுதான். நான் முதன்முதலில் வளர்த்தபோது கரைமேல் இரண்டடி வலையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஐப்பசியில் இரவெல்லாம் மழை கொட்டிய ஒரு நாள், விடிந்து போய்ப் பார்த்தால் கரைக்கு வெளியே நாற்றங்காலில் விரால்கள் நெளிந்துகொண்டிருந்தன. புதுத்தண்ணீர் கரையில் வழிந்து இறங்கும் ஓசையும் ஈரமும் கிடைத்துவிட்டால் விரால் அதை எதிர்த்து ஏறும்; அது அதன் பிறவிக்குணம். அன்று போனதில் பாதியைத்தான் தேடிப் பிடிக்க முடிந்தது.

அதற்குப் பிறகு நான் பின்பற்றும் முறை இதுதான். சிறுகண் நைலான் வலையைக் கரைமட்டத்துக்கு மேல் நாலடி உயரம் நிறுத்தி, அடிப்பகுதியை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்து, மேல்விளிம்பைக் குட்டையை நோக்கிச் சாய்த்துக் கட்ட வேண்டும். ஆறடிக்கு ஒரு கால் நட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் நம் பக்கத்தைப் புரட்டிப்போட்டதைப் பார்த்தவர்கள், மெல்லிய மூங்கிலை நம்பாமல் கல்காலோ இரும்புக் குழாயோ போடுவார்கள். குட்டை நிரம்பினால் மிகைநீர் வெளியேற, கரையில் ஒரு குழாயைப் பதித்து அதன் வாயில் வலை கட்ட வேண்டும். மழை நாளில் அந்த வலையில் சருகு அடைத்துக்கொள்ளாமல் இரவிலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. மேற்பரப்பில் நீர்க்காகத்துக்கும் கொக்குக்குமாக நூல்வலை விரித்துவிட்டால் வேலி வேலை முடிந்தது.

நீரை ஆயத்தப்படுத்துதல்

குட்டை காய்ந்து வெடிப்பு விட்ட பிறகு, 10 செண்டுக்கு 10 முதல் 20 கிலோ வரை சுண்ணாம்பைத் தரையிலும் கரையிலும் தூவ வேண்டும். மண் புளிப்பாக இருந்தால் கூடுதலாகவும், இல்லாவிட்டால் குறைவாகவும் இடலாம். ஒரு வாரம் கழித்து நீர் விடலாம். ஆறு திறந்தவுடன் வாய்க்காலில் வரும் முதல் தண்ணீரில் கோடையெல்லாம் தேங்கிய குப்பை அத்தனையும் வரும் என்பதால் அதை ஓடவிட்டுவிட்டு, பிறகு வரும் தெளிந்த நீரை எடுக்க வேண்டும். பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்திருந்தால் அந்த வடிகால் நீரை எக்காரணம் கொண்டும் உள்ளே விடக்கூடாது. ஆக்சிஜன் குறைவைத் தாங்கும் விரால், மருந்தைத் தாங்காது. நீர் நுழையும் குழாயில் இரட்டைக் கொசுவலை கட்டினால் காட்டு மீன்களும் அவற்றோடு வரும் நோயும் உள்ளே வராமல் தடுக்கலாம்.

விராலுக்கு மறைவிடம் வேண்டும். நான்கு மூங்கிலைச் சட்டமாகக் கட்டி அதற்குள் வள்ளைக்கீரையை மிதக்கவிட்டால், வெயிலுக்கும் ஒளிவதற்கும் அது போதும். மொத்தப் பரப்பில் கால் பங்குக்கு மேல் படரவிடக்கூடாது.

குஞ்சு வாங்குதல்

நாகப்பட்டினத்தில் 2012-ல் தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகமும் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகங்களும் குஞ்சு கிடைக்கும் இடங்களையும் பயிற்சிகளையும் பற்றிச் சொல்வார்கள். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா என்ற 2020-ம் ஆண்டுத் திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் என்று வகுக்கப்பட்டது. குட்டை வெட்டத் தொடங்கும் முன்பே துறை அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும், வெட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

ஆவணியில் குஞ்சு வேண்டுமென்றால் வைகாசியிலேயே பொரிப்பகத்தில் சொல்லிவைப்பது நல்லது. வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்று, குஞ்சு மிதவைத் தீவனத்துக்குப் பழகிவிட்டதா என்பது. சொல்லை நம்பாமல், நம் கண்ணெதிரே ஒரு பிடி தீவனத்தைப் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். பழகிய குஞ்சு பாய்ந்து வந்து கவ்வும், பழகாதது தீவனம் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். மற்றொன்று, அளவு பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பது. ஒரு வாளியில் நூறு குஞ்சை எடுத்து, மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் அருகருகே வைத்துப் பார்த்து, சிறியது பெரியதில் பாதி நீளம்தான் என்றால் அந்தத் தொகுதியை வாங்கவே கூடாது. அந்தப் பெரியது அந்தச் சிறியதை உங்கள் வீட்டுக்கு வரும் வழியிலேயே விழுங்கிவிடும்.

பழகாத சிறு குஞ்சு குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று வாங்கிவிட்டவர்கள், அதைச் சிறு தொட்டியில் விட்டு, முதலில் நீர்த்தெள்ளுப்பூச்சி, புழு போன்ற உயிரிரையும், பிறகு அரைத்த மீன் விழுதும், அந்த விழுதில் நாளுக்கு நாள் தீவனத்தூளைக் கூட்டிக் கூட்டிக் கலந்தும் கொடுத்து, இரண்டு மூன்று வாரங்களில் முழுத் தீவனத்துக்கு மாற்றலாம். இதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும்; முதல் ஆண்டிலேயே இதில் இறங்க வேண்டாம் என்பது என் அறிவுரை.

10 செண்டுக்கு 800 குஞ்சு போதும், அதாவது சதுர மீட்டருக்கு இரண்டு. இதைவிட நெருக்கமாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் மாற்றும் வசதியும் அனுபவமும் இருக்கின்றன. வந்திறங்கிய குஞ்சுப் பையை அரைமணி நேரம் குட்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வெப்பம் சமமான பிறகு, 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் கல்லுப்பைக் கரைத்த கரைசலில் ஒன்று, ஒன்றரை நிமிடம் நனைத்து எடுத்து விட வேண்டும்.

அளவு பிரித்தல்

விரால் வளர்ப்பின் உயிர்நாடி இதுதான். குஞ்சுகளை நேராகக் குட்டையில் கொட்டிவிடாமல், குட்டைக்குள்ளேயே நான்கு மூலையும் கழியில் கட்டிய மூன்று வலைத்தொட்டிகளில் முதல் ஆறு வாரம் வளர்க்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்தடி நீளம், ஆறடி அகலம் இருந்து, வலை நீர்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நீண்டு, மேலே மூடியும் இருக்க வேண்டும். பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்து மூன்றிலும் விட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை மூன்றையும் மறுபடி பிரிக்க வேண்டும்.

ஒரே தாயின் ஒரே நாள் குஞ்சுகளே ஆனாலும் சில முந்தி வளரும். முந்தியது அதிகம் தின்னும், அதிகம் தின்பது மேலும் முந்தும். பதினைந்தே நாளில் அண்ணன் தம்பியை விழுங்கும் அளவுக்கு இடைவெளி வந்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், செத்த மீன் எதுவும் மிதக்காது. எண்ணிக்கை குறைவதே தெரியாமல் எட்டு மாதம் தீவனம் போட்டுவிட்டு, குட்டையை இறைக்கும் நாளில்தான் 800 விட்ட இடத்தில் 200 கொழுத்த மீன் கிடப்பதைப் பார்ப்போம். நோய் வந்து செத்திருக்கும் என்று அப்போது நினைப்பவர்கள்தான் அதிகம். உண்மையில் அவற்றைத் தின்றவை அந்த 200 மீன்களே.

பிரிக்கும் நாளுக்கு முந்தைய மாலை தீவனத்தை நிறுத்திவிட வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன், அகன்ற பாத்திரத்தில் அரையளவு தண்ணீர் விட்டு, ஈரக்கையால் எடுத்துப் பிரிக்க வேண்டும். உலர்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். எல்லாம் ஐம்பது கிராமைத் தாண்டிய பிறகு குட்டையில் விடலாம். மிகவும் பின்தங்கிய குஞ்சுகளை அப்போதும் வலைத்தொட்டியிலேயே வைத்துத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

தீவனம்

அயிரையை விட்டு வராலைப் பிடிப்பது என்று பழமொழியே உண்டு. புரதம் கொடுத்தால்தான் இந்த மீனிடமிருந்து புரதம் கிடைக்கும் என்பதற்கும் அதையே சொல்லலாம். 40 முதல் 45 விழுக்காடு புரதமுள்ள மிதவைத் தீவனமே விராலுக்கு ஏற்றது. கெண்டைத் தீவனத்தைப் போட்டு மிச்சம் பிடிக்கப் பார்த்தால் வளர்ச்சி நின்று, மீன் ஒன்றையொன்று தேட ஆரம்பித்துவிடும். கோழிக்கழிவு போடுவது தண்ணீரையும் கெடுக்கும், நோயையும் கொண்டுவரும், அக்கம்பக்கத்தாரின் மனத்தையும் நோகடிக்கும்; அதை அறவே தவிர்க்க வேண்டும்.

குஞ்சுப் பருவத்தில் உடல் எடையில் 8 விழுக்காடு, வளர வளரக் குறைத்து, அரைக்கிலோவை நெருங்கும்போது 2 முதல் 3 விழுக்காடு என்பது கணக்கு. பதினைந்து கிராம் குஞ்சு 800 இருந்தால் மொத்த எடை 12 கிலோ. ஆகவே ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தீவனம். கடைசி மாதங்களில் அரைக்கிலோ மீன் 600 என்று வைத்துக்கொண்டால் மொத்த எடை 300 கிலோ; நாளொன்றுக்கு ஏழரைக் கிலோ. காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் போட வேண்டும். இருபது நிமிடத்துக்குப் பிறகும் தீவனம் மிதந்தால் அதை அள்ளி எடுத்துவிட்டு, மறுவேளை அளவைக் குறைக்க வேண்டும். மீன் தின்ன வரும் வேகமே அதன் உடல்நலத்துக்கு நாம் பார்க்கும் நாடி. ஒருநாள் அது மந்தமானால் தண்ணீரையும் வானத்தையும் பார்க்க வேண்டும்.

விட்டதில் முக்கால் பங்கு தேறி, சராசரி 700 கிராம் வந்தால் 420 கிலோ மீன் கிடைக்கும். ஒரு கிலோ மீனுக்கு ஒன்றரைக் கிலோ தீவனம் என்று வைத்தால் 630 கிலோ தீவனம் தேவைப்படும். மொத்தச் செலவில் இதுவே பெரும்பங்கு என்பதால், உங்கள் ஊர்த் தீவன விலையையும் உயிர்விரால் விலையையும் இந்த எண்களில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தீவனக்கழிவால் அம்மோனியா சேரும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடித்தண்ணீரில் கால் பங்கை வெளியேற்றி நல்ல தண்ணீர் விட வேண்டும். மாசிக்குப் பிறகு வாரம் ஒருமுறை. வெளியேறும் தண்ணீர் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல உரம்.

மழைக்காலமும் புண்நோயும்

ஐப்பசி தொடங்கித் தை வரை கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டிய காலம். அடைமழையும் பனியும் சேர்ந்து தண்ணீர் குளிர்ந்திருக்கும் அந்நாட்களில் விராலைத் தாக்கும் கொள்ளை நோய், 1988-ல் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட சிவப்புப் புண் நோய். அபனோமைசிஸ் இன்வாடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரி இதற்குக் காரணம். முதலில் உடலில் சிவந்த புள்ளி தோன்றி, பிறகு அது குழிந்த புண்ணாகித் தசை வரை அரித்துவிடும்.

வந்தபின் விரட்டுவதைவிட வராமல் தடுப்பதே முறை. மழை தொடங்கும் முன்பும், பிறகு மாதம் ஒருமுறையும் 10 செண்டுக்கு 2 முதல் 3 கிலோ சுண்ணாம்பைக் கரைத்து ஆறவைத்துத் தெளிக்க வேண்டும். வெளிவெள்ளம் உள்ளே புகாமல் கரையை உயர்த்த வேண்டும். வேறு குட்டையில் போட்ட வலையைக் காயவைக்காமல் நம் குட்டையில் இறக்கக்கூடாது. அறிகுறி தெரிந்தால், புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தை, ஒரு எக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் இட வேண்டும். நம் 10 செண்ட் குட்டைக்கு இது 55 முதல் 60 மில்லி வரும். அதை ஒரு குடம் தண்ணீரில் கலந்து பரவலாகத் தெளித்து, முற்றிய புண்ணுள்ள மீன்களை எடுத்துச் சுண்ணாம்பிட்டுப் புதைத்துவிட வேண்டும். தீவனத்தை அந்நாட்களில் பாதியாகக் குறைப்பது நல்லது.

பிடித்தலும் விற்றலும்

விராலை இழுவலையில் பிடிக்க நினைப்பது வீண். வலை வருவது தெரிந்தால் சேற்றில் தலையைச் செருகிக்கொள்ளும், அல்லது மேலே தாவிக் கடந்துவிடும். முதலில் வீச்சுவலையில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு, இரவில் தண்ணீரை இறைக்கத் தொடங்கி, விடியற்காலையில் மூலைப் பள்ளத்தில் மட்டும் முழங்கால் அளவுக்கு நிற்கும்படி செய்து, ஆட்களை இறக்கித் தடவிப் பிடிக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் இதில் கைதேர்ந்தவர்கள்; மற்றவர் காலில் மிதித்தும் உணராத மீனை அவர்கள் விரல் நுனியில் கண்டுபிடிப்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் வியந்து பார்க்கிறேன். எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் சேற்றில் மீன் இருக்கும். மறுநாள் காலை ஒரு சாண் தண்ணீர் விட்டுச் சற்று நேரம் காத்திருந்தால், காற்றெடுக்க மேலே வருபவற்றையும் பிடித்துவிடலாம்.

உயிருள்ள விராலுக்கும் ஐஸ் வைத்த விராலுக்கும் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. ஆகவே, பிடித்த மீனை நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஒரு நாள் தீவனமில்லாமல் வைத்துச் சேற்று வாடை போன பிறகு அனுப்ப வேண்டும். ஏற்றிச் செல்லும் பீப்பாயை நிறைக்கக்கூடாது; மீன் மூழ்கித் தலையை எளிதில் மேலே நீட்டும் அளவுக்கு, கால் பீப்பாய்த் தண்ணீர் போதும். வாயைச் சாக்கால் கட்டி, சாக்கின்மேல் வழிநெடுகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனால், கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குப் போனாலும் துள்ளிக்கொண்டே இறங்கும். குட்டையை இறைக்கும் நாளை முடிவுசெய்யும் முன்பே இரண்டு வியாபாரிகளிடமாவது பேசி, யார் எத்தனை கிலோ, எந்த அளவு மீன் எடுப்பார்கள் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். தண்ணீரை இறைத்துவிட்டு வியாபாரியைத் தேடுபவரிடம் விலையைச் சொல்லும் உரிமை மிஞ்சுவதில்லை. அரைக்கிலோவை எட்டாத மீன்களை வலைத்தொட்டியில் வைத்துக்கொண்டு, குட்டையைக் காயவிட்டு, ஆனி பிறந்ததும் மறுபடி சுண்ணாம்பு தூவலாம்.